இரண்டு முறை இருமிய குழந்தை

கடைச் சாவியை உங்கள் நான்கு பேர் கையில் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "அக்கா, ப்ரீஆம்ப் மாத்தணும். வெல கம்மியா, நல்லதா ஒன்னு சொல்லுங்க." முந்தாநாள் மறுபடியும் ஒருவர் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். கோபம் உங்கள் மேல் இல்லை. அதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் அப்படியேதான் கேட்டேன். அதற்கு நானாகத் தேடிக்கொண்ட பதிலால் ஆயர் தாவார் பக்கத்துக் கோயில் ஒன்றுக்கு என்ன ஆனது என்பதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். போனை நோண்டிக்கொண்டே படிக்காதீர்கள்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது வருகிற சத்தம் கொசு முனகுகிற அளவுதான். அதைக் கணினி வாங்கிக்கொள்ளும் அளவுக்குப் பெருக்கி, தட்டு அச்சடிக்கும்போது குறைத்துவைத்த அடித்தொனியை மீட்டுக் கொடுப்பது ப்ரீஆம்ப். அவ்வளவுதான் அதன் வேலை. பழைய தட்டுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்க ஈப்போவில் நான் கடை போட்டபோது வாங்கியது, கணினியில் நேராகச் சொருகுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி. சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு என்று வந்த தட்டுகளையெல்லாம் அதில்தான் ஓட்டினேன். எல்லாரும் "நல்லா இருக்கு அக்கா" என்றுதான் வாங்கிக்கொண்டு போனார்கள். அப்படியே என் தலையில் கனம் ஏறிவிட்டது.

சாந்தி கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கிளினிக்கில் மருந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளர். அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், செம்பனையை அழித்துத் தாமான் குடியிருப்பு கட்டப் போகிறார்கள். நிலத்தை வாங்கிய கம்பெனி, கோயில் அனுமதியில்லாமல் கட்டியது, கையில் ஒரு காகிதமும் இல்லை, எடுத்துவிடுங்கள் என்று கடிதம் அனுப்பியிருந்தது. சாந்தி துணிப்பையிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்தாள். அந்தக் காலத்தில் கோயில் பஜனைக் குழு திருப்பணிக்காகத் தாங்களே அச்சடித்து விற்ற தட்டு. விற்றதில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"அக்கா, ரெண்டாவது பக்கத்துல தொரை பேசுறாரு. வெள்ளக்கார தொரை, ஆனா தமிழ்லயே பேசுறாரு. கோயில் எடம் ஒங்களுக்குத்தான்னு சொல்றாராம். எங்க பெரியவங்க எல்லாரும் கேட்டிருக்காங்க. அந்தப் பேச்சு மட்டும் தெளிவா வேணும். அடுத்த வாரம் கம்பெனியோட மீட்டிங் இருக்கு."

"இதெல்லாம் எனக்கு ஒரு வேலையாம்மா? குடுத்துட்டுப் போ" என்றேன். அந்த வாயைத்தான் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதே தெரிந்தது. திருவிழாவில் மைக் செட் போடுகிறவர்கள், உறுமி மேளம் அடிக்கிற அதிர்வில் ஊசி துள்ளாமல் இருக்க, ஊசித் தலையின்மேல் ஐம்பது காசு நாணயத்தை ஒட்டிவிடுவார்கள். ஊசி துள்ளாது. பள்ளத்தை உழுதுவிடும். இந்தத் தட்டை வருசா வருசம் அப்படித்தான் உழுதிருந்தார்கள். வெள்ளைப் பெட்டியில் ஓட்டினேன். பட் பட்டென்று வெடிச் சத்தம், ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் துரையின் குரல் காணாமல் போய் மெதுவாகத் திரும்பி வந்தது. தட்டு அவ்வளவு தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் நான் செய்ததைக் கேளுங்கள். நீங்களும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். வெடிகளையெல்லாம் கணினியில் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். குரல் போன இடங்களில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டைகளில், அதே பதிவில் வேறொரு இடத்திலிருந்து கூட்டத்துச் சத்தத்தைக் கொஞ்சம் நறுக்கி ஒட்டினேன். ஒரு இடத்தில் ஊசி பின்னுக்குத் துள்ளியது, அதை வெட்டித் தூக்கினேன். நாலு நாள் உட்கார்ந்து செய்தேன். கடைசியில் துரை போன வாரம் பேசியது மாதிரி பேசினார். "இந்தக் கோயில் ஒங்களுக்கு. பின்னால முனியாண்டி மரம் வரைக்கும் ஒங்களுக்கு. நான் சூராட் எழுதி ஆபீசுல வெச்சாச்சு. கம்பெனி திருப்பிக் கேக்காது." சூராட் என்றால் கடிதம். எழுதியே வைத்திருக்கிறாராம் மனுசன்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை முடிந்ததும், வழக்கம்போல, துடைக்காத முதல் பதிவைக் கணினியிலிருந்து அழித்தேன். இடம் அடைக்கிறதே என்று எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

தட்டைச் சாந்தியிடம் கொடுத்துவிட்டு, மீட்டிங்குக்கு நானே ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு போனேன். கம்பெனியின் தற்காலிகத் தகரக் கொட்டகையில் மீட்டிங். எங்கள் பக்கம் சாந்தி, கோயில் தலைவர், நான். அவர்கள் பக்கம் ஒரே ஒரு அதிகாரி, முப்பது வயது இருக்கலாம், நம்ம தமிழ்ப் பையன்தான். மரியாதையாகக் காப்பி வரவழைத்தான். நான் பதிவை ஓட்டினேன். தலைவர் கைகூப்பிக்கொண்டு கேட்டார். அந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "இன்னொரு தடவ போடுங்க ஆன்ட்டி" என்றான். போட்டேன்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. பின்னால ஒரு கொழந்த இருமுது பாருங்க. ஆரம்பத்துல ஒரு தடவ, 'மரம் வரைக்கும்'ங்கறதுக்கு முன்னால ஒரு தடவ. ரெண்டும் ஒரே இருமல்."

நான் ஒட்டுப்போட்ட துண்டில் ஒரு குழந்தையின் இருமல் இருந்திருக்கிறது. நாலு நாள் கேட்டும் என் காதில் அது விழவில்லை.

"நான் வீட்டுல கித்தார் வாசிச்சு ரெக்கார்ட் பண்றவன், அதான் தெரிஞ்சுது. அந்த எடத்துல நீங்க என்னமோ ஒட்டியிருக்கீங்க. முக்கியமான வார்த்தைக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்கீங்க. இத எங்க லாயர் கேட்டா சிரிப்பாருலா."

"சுத்தம் பண்ணேன் தம்பி! ஏமாத்தல!" என்று கத்தினேன்.

"நீங்க ஏமாத்துனீங்கன்னு நான் சொல்லல. சுத்தம் பண்ணாத ஒரிஜினல் குடுங்க. அது போதும். நாங்க வாங்குன பழைய தோட்டக் கம்பெனி பைலுல அந்த சூராட்ட தேடச் சொல்லி நானே தலைமை ஆபீசுக்கு எழுதுறேன்."

ஒரிஜினல் எங்கே இருக்கிறது? அழித்தாயிற்று. தலைவர் என்னைப் பார்த்தார், சாந்தி என்னைப் பார்த்தாள். நான் காப்பிக் கோப்பையைப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. நானோ, பிள்ளையார் நன்றாக வந்திருக்கிறது என்று நாலு நாள் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

இது வரைக்கும் நடந்தது தப்பு. தப்பு எல்லாரும் செய்கிறோம். இனிமேல் நான் சொல்லப்போவது திமிர், அதற்குத்தான் எனக்கு மன்னிப்பே இல்லை. மறுநாளே சாந்தி போன் செய்தாள். "தட்டு கோயில்லதான் இருக்கு. எடுத்துட்டு வரவா அக்கா? மறுபடியும் எடுத்துக் குடுத்துடலாம்ல?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எவ்வளவு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், நேத்து பொறந்தவன் என் வேலைய குறை சொல்றான். அவனுக்காக நான் மறுபடியும் செய்யணுமா? அவன் கம்பெனி கையாளும்மா. அவன் என்ன குடுத்தாலும் நொட்ட சொல்லுவான்" என்றேன். பாசாரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னேன். அவன் சொன்னது சரி என்பது எனக்கு அந்தத் தகரக் கொட்டகையிலேயே தெரியும். தெரிந்துகொண்டே ஐந்து வாரம் இப்படிப் பேசித் திரிந்தேன்.

ஆறாவது வாரம் சாந்தி கேட்காமலேயே கடைக்கு வந்தாள், தலைவரையும் கூட்டிக்கொண்டு. மேசைமேல் ஒரு பித்தளைத் தட்டு வைத்தாள். அதில் பூ, எலுமிச்சம்பழம், நடுவே நம்ம இசைத்தட்டு. இசைத்தட்டின் நாலு பக்கமும் சந்தனம் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமப் பொட்டு!

"அட கடவுளே! யார் வேலை இது?" என்று அலறினேன். "பள்ளம் பூரா சந்தனம் ஏறியிருக்கு! ஊசி எப்படிய்யா ஓடும்?"

"நான்தாம்மா வெச்சேன்" என்றார் தலைவர். அவர் முகத்தில் கொஞ்சமும் பயம் இல்லை. "கோயில காப்பாத்தப் போற பொருள். அம்மன் பாதத்துல வெக்கறப்ப வெறுமனயா வெப்பாங்க? தெனமும் கற்பூரம் காட்டுனோம்."

"கற்பூரம் வேறயா? அதான் ஓரம் நெளிஞ்சிருக்கு! படிச்சவங்க செய்யற வேலையா இது?"

"ஏம்மா, சரஸ்வதி பூசைக்கு நீ ஒன் மெசினுக்குப் பொட்டு வெக்கலியா?" என்று என் சுழல்மேடையைக் காட்டினார். அதன் மூடியில் போன வருசத்துக் குங்குமம் இன்னும் இருந்தது. நானும் தலைவரும் சிரித்துவிட்டோம். சாந்தி மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, அடுத்த மீட்டிங்குக்கு நாலு வாரம் இருக்கு. ஒங்களால முடியுமா முடியாதா, இப்பவே சொல்லிடுங்க. முடியாதுன்னா கோலாலம்பூருக்கு எடுத்துட்டுப் போறேன்."

முடியும் என்றேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் துளி சோப்பு கலந்து, மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்துத் தேய்த்து, மூன்று நாளில் சந்தனத்தை எடுத்தேன். அந்த மூன்று நாளும் தலைவரைத் திட்டிக்கொண்டே தேய்த்தேன். ஆனால் அவர் வைத்த சந்தனம் தண்ணீரில் போய்விட்டது. நான் ஒட்டிய இருமலை எதில் கழுவுவது? அந்த நினைப்பு வந்த அன்றுதான் முதல்முறையாக வெள்ளைப் பெட்டியையும் சந்தேகித்துத் திருப்பிப் பார்த்தேன்.

புதுப் பெட்டி வேண்டும் என்று முடிவு செய்தேன். சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? வரவில்லை. இணையத்தில் நாலு பேர் புகழ்ந்தார்கள் என்று பழைய ரேடியோ மாதிரி வால்வு வைத்த பெட்டி ஒன்றை வரவழைத்தேன். முன்னால் கண்ணாடி, உள்ளே இரண்டு வால்வு ஆரஞ்சு நிறத்தில் எரியும். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வந்து சேரவே இரண்டு வாரம். ஓட்டினால், "உம்ம்ம்" என்று தேனீக்கூட்டம் மாதிரி இரைச்சல், வெடிக்குப் பின்னால் குரல் விழுங்கப்படுவதும் அப்படியே. விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சம். திருப்பிப் பார்த்தால், வால்வுகளுக்குப் பின்னால் வேலை செய்வது என் பழைய பெட்டியில் இருந்த அதே ரக மின்சில்லு. வால்வு சும்மா அழகுக்கு எரிகிறது! அந்த இரண்டு வாரமும் போச்சு.

கடைசியாக வாங்கியது ஈப்போ பழைய நகரில், வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்த ஒரு சீனரிடம். கறுப்பு இரும்புப் பெட்டி, ஏற்கனவே ஒருவர் புழங்கியது. விளக்கு இல்லை, கணினிச் சொருகி இல்லை. இரைச்சலை அடக்கும் தரைக்கம்பியை முடுக்க ஒழுங்கான திருகு இருந்தது. பெருக்கத்தைக் குறைக்க ஒரு விசை, நெளிந்த தட்டின் உறுமலை வெட்ட ஒரு விசை, வேண்டாமென்றால் அதை அணைத்தும் வைக்கலாம். இந்த முறை யார் பேச்சையும் கேட்கவில்லை. என்னிடம் இருந்ததிலேயே கேவலமான, கீறல் விழுந்த தட்டைக் கையோடு கொண்டுபோய், "இதப் போட்டுக் காட்டுங்க" என்றேன். அவர் நல்ல தட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். நல்ல தட்டில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் பாடும். கீறலில் ஊசி மோதி வெடிக்கிற அந்தக் கணத்துக்கு அடுத்த கணத்தைக் கேளுங்கள். மட்டமான பெட்டிக்கு வெடி வந்தால் மூச்சு முட்டும், மறுபடி மூச்சு வருவதற்குள் பாட்டில் பாதி வார்த்தை போய்விடும். தாங்கும் சக்தி உள்ள பெட்டியில் வெடி "டக்" என்று வரும், அதோடு முடிந்துவிடும். அந்தக் கறுப்புப் பெட்டியில் அப்படித்தான் முடிந்தது. நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, எதை வாங்கலாம் என்று. இதுதான் பதில். பெயர் கேட்காதீர்கள், உங்களிடம் உள்ள மோசமான தட்டைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கடைக்கு வந்து துரையை ஓட்டினேன். உறுமல் வெட்டும் விசையை அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை. எதையும் துடைக்கவில்லை, எதையும் வெட்டவில்லை, இரண்டையும் மூன்று இடத்தில் சேமித்தேன். டக் டக்கென்று கீறல் சத்தம் மழை மாதிரி இருந்தது. அதற்கு நடுவே துரையின் குரல் ஒரு எழுத்துக்கூட விடாமல் முழுசாக வந்தது. எந்த இடத்தில் குரலே இல்லை என்று நான் இருமலை ஒட்டினேனோ, அங்கே அந்த ஆள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஐம்பது காசு வைத்து எத்தனை வருசம் உழுதும் தட்டு அவர் குரலை விடவில்லை. என் வெள்ளைப் பெட்டிதான் முழுங்கியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைத் தரையில் போட்டு மிதித்தேன். பெட்டி என்ன பாவம் செய்தது? வாங்கியது நான், நம்பியது நான்.

இரண்டாவது மீட்டிங்கில் அதிகாரி ஒரே தடவைதான் கேட்டான். "இதுல யாரும் கை வெக்கல ஆன்ட்டி" என்றான். சொன்னபடியே தலைமை ஆபீசுக்கு எழுதினான். இரண்டு வாரத்தில் பழைய கோப்பிலிருந்து துரையின் கடிதம் வந்துவிட்டது, கையெழுத்தும் முத்திரையுமாக. கோயிலும், கோயிலுக்குப் பின்னால் முனியாண்டி மரம் வரைக்கும் உள்ள நிலமும் தொழிலாளர்களுக்கு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கம்பெனி ஒத்துக்கொண்டது. கோயில் நின்றது. எல்லாரும் எனக்கு மாலை போட வந்தார்கள். நான் கழுத்தை நீட்டவில்லை.

ஏனென்றால், நான் திமிர் பேசிக்கொண்டும் ஆரஞ்சு விளக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டும் இருந்த அந்த வாரங்களில் மற்றவர்கள் யாரும் சும்மா இருக்கவில்லை. நிலத்தைச் சமன்படுத்தும் ஒப்பந்தக்காரருக்குக் கோயில் கட்டடத்தை மட்டும் தொடாதே என்றுதான் உத்தரவு. இரண்டாவது மீட்டிங்குக்குப் பதினொரு நாள் முன்னால் அவருடைய இயந்திரம் கோயிலுக்குப் பின்னால் போனது. முனியாண்டி மேடையைத் தள்ளியது, சூலங்களை மண்ணோடு வாரியது, மரத்தை வேரோடு பிடுங்கிக் குழியை மூடி மட்டம் தட்டிவிட்டது. சாந்தி வேலையை விட்டு ஓடிவந்து இயந்திரத்துக்கு முன்னால் நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. தடுக்க அவள் கையில் ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தை ஒரு மாதத்துக்கு முன்பே என்னால் வாங்கிக் கொடுத்திருக்க முடியும்.

கடிதம் வந்த பிறகு எல்லை போட நில அளவைக்காரர் வந்தார். மலாய்க்காரர், வயதானவர், வேலையில் சுத்தம். சாந்தி என்னையும் வரச் சொல்லியிருந்தாள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கோயிலுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்பு மண், ஒரு புல்கூட இல்லை, மரம் நின்ற அடையாளமும் இல்லை. கோயில் சுவரிலிருந்து பத்தடி தூரத்திலேயே கம்பெனி எல்லை போட்ட முளைக்குச்சிகள் வரிசையாக நின்றன. அளவைக்காரர் கடிதத்தின் நகலை விரித்து ஒருமுறை படித்தார், வெறும் தரையைப் பார்த்தார், மறுபடி படித்தார். கையில் எல்லைக் கல்லோடு திரும்பி, மரம் எங்கே இருந்தது என்று சாந்தியிடம் மலாயில் கேட்டார்.

சாந்தி என்னைக் கைகாட்டி, "அவங்களக் கேளுங்க" என்றாள்.